தாய் வாத்து தாக்குகிறது, குஞ்சுகளைப் பிரித்துவிடலாமா?

கேள்வி: எங்கள் கொல்லையில் ஒரு ஜோடி மணிலா வாத்து, நான்கு நாட்டு வாத்து, சில கோழிகள் வளர்க்கிறோம். மணிலாப் பெட்டை வைக்கோல் போரின் அடியில் தானே குழி பறித்து அடை உட்கார்ந்து 11 குஞ்சு பொரித்தது. அதுவரை கையிலிருந்து தீனி வாங்கித் தின்ற வாத்து, குஞ்சு வந்த பிறகு யாரையும் அருகில் விடுவதில்லை. என் மாமியாரின் முன்கையை நகத்தால் கீறி இரத்தம் வரவைத்துவிட்டது. நான்கு வயது மகளைத் துரத்துகிறது. நாட்டு வாத்தின் முட்டைகளைக் கோழிக்கு அடை வைத்துப் பொரித்த குஞ்சுகளில் இரண்டைக் கொத்திக் கொன்றுவிட்டது. ஆனால் தன் குஞ்சு ஒன்று மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தபோது சுற்றிச் சுற்றி வந்து கத்தியதே தவிர, ஒன்றும் செய்யவில்லை. அந்தக் குஞ்சு செத்துப்போயிற்று. இன்னொன்று கால் தள்ளாடுகிறது, அதை விட்டுவிட்டு மற்றவற்றோடு போய்விடுகிறது. "இதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, விற்றுவிடு" என்கிறார்கள். குஞ்சுகளைப் பிரித்து பல்பு போட்டு வளர்க்கலாமா?

– வாசகி, திருவாரூர் மாவட்டம்

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

பிரிக்க வேண்டாம். விற்கவும் வேண்டாம். உங்கள் வாத்துக்கு எந்த நோயும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதில் ஒவ்வொன்றும், கொன்றது உட்பட, குஞ்சுகளோடு இருக்கும் ஒரு மணிலாத் தாயிடம் நான் எதிர்பார்க்கக்கூடிய நடத்தைதான். மாற வேண்டியது உங்கள் கொல்லையின் அமைப்பு. அதை எப்படி மாற்றுவது என்று பிறகு சொல்கிறேன், முதலில் மாமியாரின் காயம்.

"பைத்தியம்" என்ற பேச்சு வந்தாலே கிராமத்தில் வெறிநாய்க் கடி நினைவு வந்துவிடும். வெறிநோய் பாலூட்டி விலங்குகளின் நோய். வாத்தோ கோழியோ கொத்தியதற்காக வெறிநாய்க் கடி ஊசி போட்டுக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் வாத்தின் நகத்தில் மண்ணும் எச்சமும் இருக்கும். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். காயம் சிவந்து வீங்கினால் தாமதிக்கக் கூடாது. மணிலாவின் நகம் மற்ற வாத்துகளின் நகத்தைவிடக் கூரானது. மரக்கிளையில் ஏறி உட்காரும் பறவை அது, அந்தப் பிடிப்புக்காக அமைந்த நகம். இறக்கை மூட்டால் அடித்தாலும் வலி கடுமையாக இருக்கும். வயதானவர்களைப் பொறுத்தவரை கீறலைவிட, அது பாய்ந்து வரும்போது பின்னால் நகர்ந்து தடுக்கி விழுவதுதான் எனக்குக் கவலை. உங்கள் மகளுக்கோ கண்ணைப் பற்றிய கவலை. நான்கு வயதுக் குழந்தை குஞ்சைப் பார்க்கக் குனிந்தால் முகம் வாத்தின் அலகு உயரத்துக்கு வந்துவிடும். தடுப்பு கட்டி முடிக்கும் வரை குழந்தை தனியாகக் கொல்லைப் பக்கம் போகக் கூடாது.

இனி அந்த வாத்தைப் பற்றிப் பேசலாம். மணிலா என்று பெயர் இருந்தாலும் இதன் பூர்வீகம் நடு, தென் அமெரிக்கக் காடுகள். நம் நாட்டு வாத்துகளெல்லாம் மல்லார்ட் என்னும் காட்டு வாத்தின் வழி வந்தவை. மணிலா வேறு இனம். மல்லார்ட் வழி வந்தவற்றின் முட்டை 28 நாளில் பொரிக்கும், மணிலாவுக்கு ஏறத்தாழ 35 நாள் ஆகும். காட்டில் அது மரப்பொந்தில் முட்டையிடும். வைக்கோல் போரின் அடியில் இருட்டான குழியைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பழக்கத்தால்தான். ஆண் வாத்து அடையிலும் உட்காராது, குஞ்சையும் பார்க்காது. ஐந்து வாரம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் எழுந்து தின்று, குளித்து, ஓடிவந்து மீண்டும் உட்கார்ந்து, நெஞ்சு மயிரைப் பிடுங்கிக் கூட்டுக்குள் போட்டு அத்தனை குஞ்சையும் தனியாகவே பொரித்திருக்கிறது. உங்களிடம் இருக்கும் நாட்டு வாத்துகளில் ஒன்றாவது அப்படி உட்கார்ந்ததா? இல்லை. அதனால்தான் நீங்கள் கோழியைத் தேட வேண்டியிருந்தது. முட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த வாத்துகளிடம் அடை உட்காரும் குணம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அடைக்கு உட்காரும் வாத்து முட்டையை நிறுத்திவிடும் என்பதால் வளர்ப்பவர்கள் அதைத் தொடர்ந்து கழித்துக்கொண்டே வந்தார்கள். இங்கிலாந்தில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான காக்கி கேம்பல் நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும், ஆனால் அதன் அடியில் முட்டை வைத்துக் குஞ்சு எதிர்பார்க்க முடியாது. அடையில் உட்கார வைக்கும் உந்துதலும், குஞ்சருகே வருபவர்மேல் பாயவைக்கும் உந்துதலும் ஒரே உடலில் ஒன்றாக வருகின்றன. சாதுவாக இருக்கும் வாத்துதான் வேண்டும் என்றால், அடைக்கு உட்காராத வாத்தோடு நீங்கள் திருப்திப்பட வேண்டியிருக்கும்.

அதன் கோபத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதைப் படிக்கத் தெரிந்தால் அடி வாங்கவே மாட்டீர்கள். முதலில் அது அசையாமல் நின்று உங்களைப் பார்க்கும், உச்சி மயிர் சிலிர்க்கும். அடுத்து வாலை விரித்து உடல் மயிரை உப்பிக்கொண்டு பெரிதாகத் தெரியும். பிறகு கழுத்தைத் தாழ்த்தி நீட்டி, அலகைத் திறந்து சீறும். மணிலா மற்ற வாத்துகளைப் போலக் கத்திக் கூச்சல் போடாது. இந்தச் சீறல்தான் அதன் கடைசி எச்சரிக்கை. அதற்குப் பிறகும் நெருங்கினால்தான் பாய்ச்சல். சீறும் இடத்தில் நின்றுவிட்டு, முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பக்கவாட்டில் விலகினால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஓடினால் துரத்தும். காலால் எத்தினாலோ குச்சியால் அடித்தாலோ அடுத்த முறை எச்சரிக்கையைச் சுருக்கிக்கொண்டு நேராகவே பாயும். தீனி வைக்கப் போகும்போது ஒரு முறத்தையோ பழைய சாணிக்கூடையையோ முழங்காலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போங்கள். அது மோதட்டும், நீங்கள் தள்ள வேண்டாம். ஒரே ஆள், ஒரே நேரத்தில், தூரத்திலிருந்தே ஒரே குரலைக் கொடுத்துக்கொண்டு போவது நல்லது. சில நாளில் அந்த ஆளுக்கு மட்டும் சீறல் குறையும்.

இன்னொன்று முக்கியம். தாயின் கண் முன்னால் குஞ்சைக் கையில் எடுக்காதீர்கள். குஞ்சு பிடிபட்டதும் எழுப்பும் உரத்த கீச்சுக்குரல்தான் தாயைப் பாயவைக்கும் விசை. கண்ணைவிடக் காதுதான் அங்கே பெரிது. தாய்க்கோழியை வைத்து ஐரோப்பாவில் செய்த பழைய சோதனை ஒன்று உண்டு. குஞ்சை வேலிக்கு அந்தப் பக்கம் கட்டிவைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது கத்துவதைக் கேட்டுத் தாய் பரபரத்து ஓடியது. அதே குஞ்சை ஒலி வராத கண்ணாடிக் கவிழ்ப்புக்குள் கண்ணெதிரே வைத்தார்கள். குஞ்சு துடித்துக் கத்துவது தெரிந்தும் தாய் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தது.

இதே வழியில் போனால், நீங்கள் மிகவும் மனம் நொந்து எழுதியிருக்கும் அந்த இரண்டு குஞ்சுகளின் சாவும் புரியும். 1960இல் வோல்ஃப்காங் ஷ்லைட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் வான்கோழிகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காது கேளாமல் செய்யப்பட்ட தாய் வான்கோழிகள், தாங்களே அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளைக் கொத்திக் கொன்றன. கூட்டருகே அசையும் எதுவும் தாய்க்கு எதிரிதான். குஞ்சின் குரல் காதில் விழுந்தால்தான் அந்தத் தாக்குதல் அடங்குகிறது. குரல் கேட்காதபோது சொந்தக் குஞ்சும் எதிரியாகிவிட்டது. தாக்குவதும் காப்பதும் தாயின் உடலில் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வு எனக்குத் தெரியாது.

உங்கள் வாத்துக்குக் காது நன்றாகவே கேட்கிறது. ஆனால் பொரித்த முதல் ஓரிரு நாளில் எந்தக் குஞ்சையும் ஏற்றுக்கொள்ளும் தாய், அதற்குள் தன் கூட்டத்தைப் பழகிக்கொண்டுவிடும். அதன் பிறகு வரும் அந்நியக் குஞ்சை அலகால் பிடித்து உதறும், மிதிக்கும், தண்ணீரில் அமுக்கும். வாத்து வளர்ப்பவர்கள் பலரும் இதைக் கண்டிருக்கிறார்கள். ஒரே கொல்லையில் இரண்டு குஞ்சுக் கூட்டங்கள் தடுப்பில்லாமல் திரியும் இடங்களில் இந்த இழப்பு சாதாரணம். அந்தக் குஞ்சுகள் ஏன் மணிலாவின் பக்கம் போயின என்று நினைக்கிறீர்கள்? அவற்றை வளர்ப்பது கோழி. கோழி மண்ணைச் சீய்த்துக் காட்டும், குஞ்சுகளோ சேறும் தண்ணீரும் இருக்கும் இடத்துக்கு ஓடும். கோழி கரையில் நின்று தவிக்கும், இறங்காது. தண்ணீர் ஓரத்தில் அந்தக் குஞ்சுகளுக்குக் காவலே இல்லை. மணிலாவும் தன் குஞ்சுகளோடு அதே ஈர இடத்தில்தான் இருந்திருக்கும். மீதமிருக்கும் குஞ்சுகளையும் கோழியையும் இன்றே கொல்லையின் மறுபக்கத்துக்கு மாற்றி, தனியாக ஓர் அகலத் தட்டில் தண்ணீர் வைத்துவிடுங்கள்.

அப்படியானால் குஞ்சுகளையெல்லாம் தாயிடமிருந்து எடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இருக்காதே என்று தோன்றும். பல்பின் கீழ் வளர்க்க முடியும்தான், பண்ணைகளில் அப்படித்தான் வளர்க்கிறார்கள். முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வெப்பம், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே போக வேண்டும். இரவில் மின்சாரம் போனால் எழுந்து பார்க்க வேண்டும். இதையெல்லாம் தாயின் நெஞ்சுக்கூடு யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருக்கிறது. குஞ்சுக்குக் குளிர்ந்தால் உள்ளே நுழைகிறது, வெக்கையானால் வெளியே வருகிறது. நனைந்த குஞ்சு தாயின் அடியில் புகுந்து காய்ந்துகொள்கிறது. தாயில்லாமல் வளரும் குஞ்சின் மயிர் எளிதில் தண்ணீரில் ஊறிவிடும். சில நிமிடம் நீந்தினாலே நனைந்து விறைத்துப்போகும்.

அதற்கும் மேலே, தாயின் குரலுக்கு ஒடுங்கும் பழக்கம் இருக்கிறது. பருந்தின் நிழல் விழுந்ததும் தாய் ஒரு குரல் கொடுக்கிறது, அத்தனை குஞ்சும் அசையாமல் படுத்துவிடுகின்றன. இந்த உறவு முட்டைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. மல்லார்ட் வாத்துகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் கில்பர்ட் காட்லீப், பொரிப்பதற்கு முன்பே முட்டைக்குள் குஞ்சுகள் குரல் எழுப்புகின்றன என்பதையும், அந்தத் தன் குரலைக் கேட்டு வளர்ந்தால்தான் பிறந்த பிறகு தன் இனத்துத் தாயின் அழைப்பைச் சரியாக இனம் காண்கின்றன என்பதையும் காட்டினார். பொரித்த பின் ஒரு நாளுக்குள் குஞ்சு யாரைப் பின்தொடர்வது என்பதை மனத்தில் பதித்துக்கொள்கிறது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1935இல் விரிவாக விளக்கியது இந்தப் பதிவைத்தான். 1973இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்குப் பின்னால் இருந்த ஆய்வுகளில் இதுவும் ஒன்று. உங்கள் குஞ்சுகளுக்கு அந்தப் பதிவு நடந்து முடிந்துவிட்டது. இப்போது பிரித்தால் அவை தாயைத் தேடிக் கத்திக்கொண்டே இருக்கும், அந்தக் குரல் கேட்கும் தூரத்தில் தாய் முன்னைவிட மூர்க்கமாகும். இரண்டு மூன்று நாள் கழித்து மனம் மாறித் திரும்பக் கொண்டுபோய் விட்டால், அதற்குள் தாய் அவற்றை அந்நியமாகப் பார்க்கத் தொடங்கியிருக்கலாம்.

தாய் தன் சொந்தக் குஞ்சுகளையே தொடர்ந்து கொத்தினாலோ, நோயில் விழுந்தாலோ, நாய் கடித்துக் காயப்பட்டாலோதான் பிரிக்கச் சொல்வேன். அப்போது எல்லாவற்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒற்றைக் குஞ்சு தனிமையில் தின்னாமலே நலிந்துவிடும்.

மாட்டுத் தொட்டியில் விழுந்த குஞ்சை ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் முடியாது, சகோதரி. பூனை குட்டியைக் கவ்வித் தூக்குவதுபோல வாத்து தன் குஞ்சைத் தூக்காது. காட்டில் மரப்பொந்திலிருந்து குஞ்சுகளை இறக்கும்போதுகூடத் தாய் கீழே நின்று கூப்பிடும், குஞ்சுகள் தாமே குதிக்கும். குரல் கொடுத்து வரவழைப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த மீட்பு. தொட்டியைச் சுற்றி வந்து கத்தியது அந்த மீட்பு முயற்சிதான். செங்குத்தான சிமெண்ட் சுவரில் குஞ்சால் ஏற முடியவில்லை. தாயின் வீரம் எதிரே வரும் ஓர் எதிரிக்கு எதிரானது. நாய், பூனை, காகம், அந்நியக் குஞ்சு, உங்கள் மாமியார், எல்லாரையும் அது ஒரே துணிச்சலோடு எதிர்கொள்ளும். செங்குத்தான சுவர், பூசணம் பிடித்த புண்ணாக்கு, தீவனத்தில் இல்லாத சத்து, இருட்டில் அடியிலிருந்து துளைத்து வரும் பெருச்சாளி ஆகியவற்றின் முன்னால் அதனிடம் ஒன்றுமே இல்லை. அதன் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம், அதனால் முடியாத வேலையை நீங்கள் செய்யுங்கள்.

தொட்டிக்குள் செங்கல்லைப் படிபோல அடுக்கி, மேல்படி நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும்படி வையுங்கள். அல்லது மேலே கம்பி வலை போட்டு மூடுங்கள். குஞ்சுகளுக்குக் குளிக்க, விளிம்பு சரிவான அகலத் தட்டு போதும். மூக்குத் துளை வரை அலகை அமிழ்த்திக் கழுவும் அளவுக்கு ஆழம் இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் கண்ணும் மூக்கும் அடைத்துக்கொள்ளும்.

தள்ளாடும் குஞ்சைத் தாய் விட்டுவிட்டுப் போவது இரக்கமின்மையால் அல்ல. மற்ற ஒன்பதும் நகரும்போது அவற்றோடு போகாவிட்டால் ஒன்பதும் காகத்துக்கு இரையாகும். பின்தங்கிய குஞ்சின் குரல் கேட்டுச் சிறிது நேரம் நிற்கும், பிறகு பெரிய கூட்டத்தின் பக்கம் போய்விடும். அந்தக் குஞ்சை நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் குருணையும் தவிடும் மட்டுமே தின்று வளரும் வாத்துக் குஞ்சு தள்ளாடினால் என் முதல் சந்தேகம் நியாசின் என்னும் பி வைட்டமின் குறைவின்மீதுதான். வாத்துக் குஞ்சுக்கு இந்தச் சத்து கோழிக் குஞ்சைவிட மிக அதிகமாக வேண்டும், கிலோ தீவனத்துக்கு 55 மில்லிகிராம் அளவு. அரிசித் தவிட்டில் நியாசின் இருந்தாலும் பெரும்பகுதி உடலுக்குக் கிடைக்காத வடிவில் கட்டுண்டு இருக்கிறது. கோழிக் குஞ்சுத் தீவனம் மட்டும் கொடுத்தாலும் சில சமயம் போதாமல் போகும். கணுக்கால் மூட்டு வீங்கி, கால் வில்லாக வளைவதற்குள் கவனித்தால் பெரும்பாலும் தேறிவிடும். தசைநாண் மூட்டிலிருந்து நழுவிய பிறகு கடினம். ஆகவே குஞ்சை நாளையே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். குடிநீரில் கலக்கும் பி-காம்ப்ளெக்ஸ் மருந்தும் அளவும் எழுதித் தருவார்கள். மற்ற குஞ்சுகளுக்கும் அதே நீர் கொடுக்கலாம். உப்புப் போடாமல் உலர்த்திய சிறுமீனைப் பொடித்துத் தீனியில் கலப்பதும் நல்லது. மாலைக்குள் திரும்பக் கொண்டுவந்து தாயிடம் விட்டுவிடுங்கள். குஞ்சு ஓரளவு நடந்தால் தாயோடும், நடக்கவே முடியாவிட்டால் துணைக்கு இன்னொரு குஞ்சோடு தாயின் கண்ணில் படும்படி நடுவே ஒரு கம்பி வலை வைத்து அதற்கு இந்தப் பக்கமும் இருக்கட்டும்.

புண்ணாக்கைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் உங்கள் பகுதியில் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துப் போடும் பழக்கம் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். வாத்துக் குஞ்சுக்கு அதைக் கொடுக்காதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாத நோயில் செத்தன. வாத்துக் குஞ்சுகளும் மடிந்தன. தேடிப்போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சு என்று தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்று இன்று உலகமே அறிந்த நஞ்சு அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பண்ணைப் பறவைகளில் அதற்கு மிகவும் எளிதில் பலியாவது வாத்துக் குஞ்சு. நஞ்சைச் சோதிக்கவே ஆய்வுக்கூடங்களில் அதைப் பயன்படுத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் டெல்டாவின் ஈரத்தில் மூட்டையில் கிடந்த புண்ணாக்கு கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் நம்ப முடியாது.

இனி கொல்லையை மாற்றுவது. மூலையில் 10 அடிக்கு 8 அடி இடம் போதும். மூன்றடி உயரத்துக்குத் தென்னங்கீற்றுத் தட்டியோ மூங்கில் தட்டியோ கட்டுங்கள். கீழ்ப்பாகம் ஊடே பார்க்க முடியாதபடி அடர்த்தியாக இருக்க வேண்டும். வெறும் கம்பி வலை கட்டினால் அந்தப் பக்கம் கோழி நடப்பதைப் பார்த்து நாளெல்லாம் மோதிக்கொண்டே இருக்கும், கண்ணில் படாததற்கு அதன் கோபம் எழுவதில்லை. மணிலாவுக்கு மூன்றடி தாண்டிப் பறப்பது எளிது, ஆனால் சிறு குஞ்சுகளை விட்டுவிட்டு அது பெரும்பாலும் பறந்து போகாது. மேலே பழைய மீன்வலையை இழுத்துக் கட்டினால் காகத்துக்கும் பருந்துக்கும் தடை. காகம் பெரும்பாலும் ஜோடியாக வரும். ஒன்று தாயின் கவனத்தைத் திருப்பும்போது மற்றது குஞ்சைத் தூக்கிவிடும், அங்கே தாயின் துணிச்சலே அதற்கு எதிராக வேலை செய்கிறது.

இரவுக்கு மூடிய கூண்டு கட்டாயம். அரை அங்குலக் கண்ணுள்ள கெட்டிக் கம்பி வலை போடுங்கள், கோழி வலையைப் பெருச்சாளியும் மரநாயும் பிய்த்துவிடும், சாரைப்பாம்பு நுழைந்துவிடும். வலையின் அடிப்பகுதியை ஓரடி மண்ணுக்குள் இறக்குங்கள். கூண்டுக்குள் வைக்கோல் காய்ந்திருக்க வேண்டும். முதல் சில நாள் தாயைக் கையால் பிடித்து அடைக்கப் பார்க்காதீர்கள். மாலையில் கூண்டுக்குள் தீனித் தட்டை வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், தானே குஞ்சுகளை அழைத்துக்கொண்டு போகும்.

தீனி விஷயத்தில் உங்களிடம் இருக்கும் பஞ்சாரமே பெரிய உதவி. அதைக் கவிழ்த்து, விளிம்பின் கீழ் நான்கு செங்கல் வைத்துத் தூக்கிவிட்டால் குஞ்சு நுழையும் இடைவெளி கிடைக்கும், தாய் நுழைய முடியாது. உள்ளே குஞ்சுத் தீனியும் வெளியே தாய்க்குத் தனித் தீனியும் வையுங்கள். தாய் தீனித் தட்டைக் காவல் காப்பதும், சிறு குஞ்சுகள் மிதிபடுவதும் குறையும்.

ஆண் வாத்தை மறந்துவிடாதீர்கள். சில ஆண் வாத்துகள் குஞ்சுகளைக் கண்டுகொள்ளாது, சில கொத்தும், சில தண்ணீரில் தாயின்மேல் ஏற முயலும்போது குஞ்சுகளை நசுக்கிவிடும். நான்கைந்து கிலோ எடையுள்ள பறவை அது. உங்களிடம் ஒரே ஒரு மணிலாப் பெட்டைதான் என்பதால் அதன் முழு நெருக்கடியும் அந்த ஒரு தாயின்மேல் விழுகிறது. ஓர் ஆணுக்கு நான்கைந்து பெட்டையாவது இருப்பது நல்லது. குஞ்சுகளுக்கு ஆறு வாரம் ஆகும் வரை ஆணைத் தட்டிக்கு வெளியே நாட்டு வாத்துகளோடு விடுங்கள். அவற்றை அது தொந்தரவு செய்தால் தனியாகக் கட்டுங்கள்.

மகளுக்குக் குஞ்சுகள்மேல் ஆசை இருக்கும். தட்டிக்கு வெளியே நின்று பார்க்கட்டும், தீனிக் கிண்ணத்தை உங்களிடம் எடுத்துத் தரட்டும். குஞ்சை முகத்தோடு அணைத்து முத்தமிட விடாதீர்கள். வாத்தின் எச்சத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். கொல்லையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவும் பழக்கம் வேண்டும்.

இந்த மூர்க்கம் முதல் இரண்டு மூன்று வாரம்தான் உச்சத்தில் இருக்கும். குஞ்சுகளுக்கு இறகு முளைக்க முளைக்கத் தாய் விட்டுக்கொடுக்கத் தொடங்கும், சீறும் தூரம் குறையும். மூன்று மாதத்தை ஒட்டி அதுவே குஞ்சுகளைக் கொத்தி விலக்கும், அப்போது பதறாதீர்கள். அதற்குள் எட்டிலிருந்து பத்து வாரத்தில் வாத்துப் பிளேக் தடுப்பூசி போட மருந்தகத்தில் சொல்லி வையுங்கள். அங்கே மருந்து வரும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள், சிறு கூட்டத்துக்கென்று தனியாகப் புட்டி உடைக்கத் தயங்குவார்கள். அக்கம்பக்கத்தில் வாத்து வைத்திருப்பவர்களோடு சேர்ந்து போனால் வேலை எளிது.

குஞ்சுகள் பிரிந்த சில வாரங்களில் அது மீண்டும் முட்டையிடத் தொடங்கும், மீண்டும் அடைக்கும் உட்காரும். அடுத்த முறை வைக்கோல் போர் வேண்டாம். ஆள் நடமாட்டமும் மாட்டுத் தொட்டியும் அதன் பக்கத்தில் இருந்ததுதான் இந்த முறை இவ்வளவு தொல்லைக்கும் காரணம். தட்டி கட்டிய அதே மூலையில், ஒரு பக்கம் மட்டும் திறந்த மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு இருட்டாக வைத்துவிடுங்கள். மணிலாவுக்குப் பொந்து போன்ற இடம்தான் பிடிக்கும், தானே போய் உட்காரும். பெட்டியை முட்டையிடத் தொடங்குவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். முட்டை சேர்ந்த பிறகு கூட்டை இடம் மாற்றினால் பெரும்பாலும் அதைக் கைவிட்டுவிடும்.